சகலையின் ஜப்பான் எருமை

ஜூலை 14, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். வெளியே சொல்ல முடியாது, இங்கேயாவது எழுதிவைக்கிறேன்: இன்று பாலிகஞ்சில் ஒருவர் வீட்டு வாசலில், ஓடாமல் நின்றுகொண்டிருந்த காருக்குள் அகப்பட்டுக்கொண்டேன். பின்கதவு உள்ளேயிருந்து திறக்கவில்லை. இழுத்தேன், தள்ளினேன், தோளால் முட்டினேன். மற்ற எல்லோரும் முன்பக்கம் எஞ்சினைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டிக்குச் சொந்தக்காரர் சன்யால் பாபுவின் மனைவி டீத் தட்டோடு வந்தவர், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்த என் மூக்கைப் பார்த்துவிட்டு, வெளியிலிருந்து திறந்துவிட்டார். சின்னப் பிள்ளைகள் கதவைத் திறந்து விழுந்துவிடாமல் இருக்க ஒரு பூட்டாம். ஐம்பத்திரண்டு வயதுப் பிள்ளையையும் அது விடவில்லை.

பாதுகாப்பைச் சோதித்துப் பார்த்தேன் என்றேன். சகலை சண்முகம் நம்பினான். என் மனைவி செண்பகம் நம்பவில்லை.

அந்தப் பழைய காரை வாங்கப்போகிறவன் சண்முகம். செ.யின் தங்கை கோமதியின் புருஷன். பாங்க்கில் விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பியதிலிருந்து டாலிகஞ்ச் வீட்டில் பனியனோடு உட்கார்ந்து, ஒரே பேப்பரைக் காலையிலும் மாலையிலும் படித்துக்கொண்டிருந்தவன். பேச்சே நின்றுபோய்விட்டது, போட்டதைச் சாப்பிடுகிறார், அவ்வளவுதான் என்று போன மாதம் கோமதி இங்கே வந்து அழுதாள். இந்த வண்டியைப் பார்த்த நாளிலிருந்து தினமும் ஷேவ் செய்கிறான்.

தீர்ப்பு சொல்ல வேண்டியது நான். துறைமுக ஆபீசில் வேலை என்பதால் வெளிநாட்டுக் கார் எல்லாம் என் கண் முன்னால்தான் இறங்குகிறது என்று குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. நான் இருப்பது பென்ஷன் பிரிவு. அங்கே இறங்குவது கிழவர்கள் மட்டும், அதுவும் ரிக்‌ஷாவிலிருந்து.

“அண்ணாச்சி, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. வேண்டாம்னா விட்டுருதேன்.”

விட்டுவிடுவான். அதுதான் தொல்லை.

ஜூலை 15, திங்கள்

ஆபீஸ். பைல்களுக்கு நடுவே வண்டியைப் பற்றிய என் கருத்துகள், ஞாபகம் இருக்கும்போதே:

உயரம். செ. ஏறுவதற்கு ஒரு முக்காலி வேண்டும். இறங்க இரண்டு ஆள் வேண்டும்.

கடைசி வரிசை சீட். உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் காதுக்கு அருகில் வந்துவிட்டன.

மரப்பலகை போலத் தெரிவதெல்லாம் பிளாஸ்டிக். சண்முகத்திடம் அழுத்திச் சொன்னேன்: பாதி வண்டி பிளாஸ்டிக்தான்.

தோல் சீட். வழுக்குகிறது. செருப்புக்கடை வாசனை.

கியர் தானே மாறிக்கொள்கிறது. கிளட்சே கிடையாது. வண்டி ஓட்டும்போது இடது காலுக்கு வேலையில்லை என்று சண்முகம் பெருமையாகச் சொன்னான். ஏற்கனவே முழு ஆளுக்கும் வேலையில்லை, காலுக்கு வேறு விருப்ப ஓய்வா என்று வாய்வரை வந்தது. நல்லவேளை, டீயோடு விழுங்கிவிட்டேன்.

கூரையில் ஏசி, பின்னால் இருப்பவர்களுக்குத் தனி ஏசி. கல்யாண மண்டபத்தில்கூட இத்தனை இல்லை.

மொத்தத்தில் எருமை. ஜப்பானில் பிறந்து, கப்பலில் வந்து, சன்யால் பாபுவின் மகனைச் சுமந்து, அவன் அமெரிக்கா போனதும் பாலிகஞ்சில் கடம்ப மரத்தடியில் கட்டிப்போட்டிருக்கும் வெள்ளெருமை. துர்கா பூஜை முடிந்ததும் பெற்றோரும் மகனிடம் போகிறார்கள். அதற்குள் தள்ளிவிட வேண்டும்.

இன்னொன்று. யாரும் படிக்கப்போவதில்லை, எழுதலாம். பதினைந்து வருஷமாக இரண்டு குடும்பமும் எங்கே போவதானாலும் என் சின்னக் காரில்தான். சண்முகம் பின்னால், மடியில் சாப்பாட்டுக் கூடையோடு. எருமை வந்தால் கூடை என் மடிக்கு வரும்.

ஜூலை 16, செவ்வாய்

வெயில். ஆபீசுக்கே போன் செய்தான். நாளைக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா என்று. குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தேன். ஒவ்வொன்றுக்கும் “அதுக்கென்ன அண்ணாச்சி” என்றான். முக்காலி வாங்கிக்கொள்கிறானாம். கடைசி சீட்டில் அவனே உட்கார்கிறானாம். அப்போ யார் ஓட்டுவது என்றேன். அதற்கும் அதே “அதுக்கென்ன”தான்.

மேஜைமேல் மெட்ராஸிலிருந்து வந்த நாள்காட்டி. கண்ணில் பட்டது.

“சகல, நாளைக்கு ஆடி பொறக்குல்லா?”

“ஆமா, மறந்தே போனேன்” என்றான். குரல் வடிந்துவிட்டது. ஒரு மாதம்தானே என்று ஆறுதல் சொன்னேன். அதற்குள் வேறு எவனாவது ஓட்டிக்கொண்டு போய்விடுவான். திருஷ்டி கழித்துத் தலையைச் சுற்றிப் போட்டமாதிரி.

மத்தியானம் கான்டீனில் இரண்டு ரசகுல்லா கூடுதல்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஊரே தண்ணீர். எவனும் ஓட்டிக்கொண்டு போகவில்லை, அதிசயம். இன்னொரு தடவை ஓட்டிப்பாருங்கள் என்று சன்யால் பாபு கூப்பிட்டார். சண்முகம் ஸ்டியரிங்கில், அவர் பக்கத்தில், நான் நடுவரிசையில் (பூட்டை முதலில் எடுத்துவிடச் சொன்னேன்).

டாகுரியா பக்கம் முட்டளவு தண்ணீர். என் வண்டியாக இருந்தால் இருமி, விக்கி, உட்கார்ந்திருக்கும். எருமை எருமையாகவே நடந்தது. ஆனால் அது கிளப்பிய அலை ஓரத்து டீக்கடைக்குள் போய், பெஞ்சில் இருந்தவர்களின் இடுப்பு நனைந்தது. ஒரு பெரியவர் மண்குவளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

“ஓ தாதா, கப்பலா ஓட்டுறீங்க? காரா, கப்பலா?”

தாதா, அதாவது அண்ணன், என்ற மரியாதையோடு வங்க மொழியில் இதைவிடக் காரமாகவும் ஏதோ தொடர்ந்தது. சன்யால் பாபு ஏசி சத்தத்தைக் கூட்டினார். சண்முகம் கண்ணாடியை இறக்கி மன்னிப்புக் கேட்டான், முகமெல்லாம் சிரிப்பு. அவன் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று வீட்டில் செ. கேட்டாள். நான் டீக்கடைக்காரர் பக்கம் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 17, சனி

புழுக்கம். ஏழு மணிக்கே போன். நேற்றோடு ஆடி முடிந்தது.

“அண்ணாச்சி, ஆவணி ஒண்ணு. பணத்த எடுத்து வச்சிட்டு நிக்கேன். போவமா?”

“இன்னைக்கு என்ன கெழம சகல?”

“சனி.”

“இரும்பு வாங்குத கெழமையா அது?”

மெதுவாக, “பாதி பிளாஸ்டிக்குன்னு நீங்கதான சொன்னிய அண்ணாச்சி” என்றான். இதை எதிர்பார்க்கவில்லை. மீதிப் பாதி இரும்பு என்றேன். நாளைக்குப் போவதாக முடிவு.

செ. அடுக்களையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தோசைக் கரண்டியோடு வந்து நின்றாள்.

“என்னத்துக்கு அவுகள இந்தப் பாடு படுத்துதிய? ஒங்களுக்கு வயித்தெரிச்சல்னா மோரக் குடிங்க.”

மோரும் தரவில்லை. தோசையும் கருகியது. வேண்டுமென்றே.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இன்றைய தினத்தைப் பொன்னால் எழுத வேண்டும். பேனாவில் நீல மைதான் இருக்கிறது.

போனோம். சண்முகம் புதுச் சட்டை, கையில் வெற்றிலை பாக்குத் தட்டு. சன்யால் பாபு சாவியை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார், சாவியைத் திரும்ப எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

இன்றுதான் பாத்ரோ மாதம் பிறக்கிறதாம். வங்காளிகளுக்கு அது ஆகாத மாதம். கல்யாணம் கிடையாது, வீடு மாறுவது கிடையாது. பாத்ரோவில் வீட்டுப் பூனையைக்கூட வெளியே விரட்ட மாட்டோம், மகன் ஓட்டிய வண்டியையா அனுப்புவேன் என்றார். சன்யால் பாபு அதெல்லாம் மூடநம்பிக்கை என்று இங்கிலீஷில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். சாவி முந்தானையிலேயே இருந்தது. போன மாதம் முழுக்க நாங்கள் கொடுக்கத் தயாராகத்தானே இருந்தோம், அப்போது ஏன் வரவில்லை என்று அந்த அம்மாள் கேட்டார்.

சண்முகம் என்னைப் பார்த்தான். நான் கடம்ப மரத்தைப் பார்த்தேன்.

அவர்களுடைய ஆகாத மாதமும் நம்முடைய ஆகாத மாதமும் இப்படி ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வரும் என்று எனக்கே தெரியாது. நடுவில் இருந்தது ஒரே ஒரு நாள். அது சனிக்கிழமை.

திரும்பி வரும்போது லேக் கார்டன்ஸ் ரயில்வே கேட் மூடியிருந்தது. காத்திருந்த நேரம் முழுதும் வெற்றிலைத் தட்டு அவன் மடியில். நான் மழையைப் பற்றிப் பேசினேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

மழை. பல்வலி. கோமதி வந்திருந்தாள். சண்முகம் பழையபடி பனியன், தாடி, இரண்டு வேளை பேப்பர். இதை என்னிடம் சொல்லவில்லை, அடுக்களையில் அக்காவிடம் சொன்னாள். எங்கள் வீட்டுச் சுவர் அவ்வளவு கனமில்லை.

காலையில் நடக்கப் போகிறேன் என்று போகிறானாம். டாலிகஞ்சிலிருந்து பாலிகஞ்ச் வரை. சன்யால் வீட்டம்மாள் போன் செய்து கேட்டாராம்: உங்கள் வீட்டுக்காரர் எதிர்ப் பிளாட்பாரத்தில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார், உள்ளே கூப்பிட்டால் வருவதில்லை, உடம்புக்கு ஏதாவதா?

“பாங்க்ல சேர்ந்த நாள்ல இருந்து ஒண்ணும் கேட்டதில்லக்கா. இது ஒண்ணுதான் கேட்டாவ.”

பல் டாக்டர் புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். பல்வலியால்தான் சாப்பாடு இறங்கவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

பல் பிடுங்கியாயிற்று. இன்று கேள்விப்பட்டது: சால்ட் லேக்கிலிருந்து ஒருவர் வண்டி பார்க்க வந்து, பாத்ரோ என்றதும் அவரே கும்பிட்டுவிட்டுத் திரும்பினாராம். அமெரிக்கா போகும் நாள் நெருங்க நெருங்க சன்யால் பாபுவுக்கு அவசரம். விலையைக் கணிசமாக இறக்கிவிட்டார். டயர் நான்கும் புதுசு. பாட்டரியும் புதுசு. காக்கை எச்சத்தை எல்லாம் துடைத்துப் பாலீஷ் வேறு.

அதாவது நான் செய்த குழப்பத்தில் எருமை மலிந்துவிட்டது. என் கையால் என் தலையில்.

கடைசி அஸ்திரம் ஒன்று இருக்கிறது. 22ஆம் தேதி மகாளய பட்சம் ஆரம்பம், முன்னோர்களுக்கான நாட்கள், புதுசாக எதுவும் வாங்கக் கூடாது. பாத்ரோ முடிந்ததும் நான்கு நாள் இழுத்தடித்தால் போதும், பிறகு அமாவாசை வரை கவலையில்லை. அதற்குப் பிறகு பூஜை, அமெரிக்கா. முடிந்தது கதை.

செப்டம்பர் 18, புதன்

நேற்று விஸ்வகர்மா பூஜை, வானமெல்லாம் பட்டம். பாத்ரோவும் நேற்றோடு போயிற்று.

காலையில் சண்முகம் நேரிலேயே வந்தான். ஷேவ் செய்திருந்தான், தாடையில் ஒரு வெட்டு, அதில் பேப்பர் துணுக்கு ஒட்டியிருந்தது. இன்று நாள் எப்படி என்று கேட்கவில்லை. சும்மா நின்றான். செ. மறுபடி தோசைக் கரண்டியோடு வந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பன்னெண்டு மணிக்கு ராகு காலம்” என்றேன். “அதுக்குள்ள போயிட்டு வந்திருவோம்.”

மகாளயத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம், தொண்டை கட்டியிருந்தது. நேற்று ஐஸ்கிரீம்.

சாவியை அந்த அம்மாள் என்னிடம் கொடுத்தார், பெரியவர் என்று. நான் சண்முகத்திடம் கொடுத்தேன். தெருவிலேயே குனிந்து என் காலைத் தொட்டான். எல்லோரும் பார்க்கிறார்கள், எழுந்திருடா என்றால் கேட்கவில்லை.

“நீங்க தடுத்து நிறுத்தலேன்னா அன்னைக்கே அந்த வெலைக்கு ஏமாந்திருப்பேன் அண்ணாச்சி. புது டயர் கெடச்சிருக்குமா?”

செ. இருமினாள்.

லேக் பக்கத்துக் கோயிலில் பூஜை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். பழம் நசுங்கிய சத்தம்கூட வரவில்லை, அவ்வளவு கனம். குருக்கள் பானெட்டில் பொட்டு வைக்கக் குதிகாலை உயர்த்த வேண்டியிருந்தது. குறித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

நல்ல வெயில். எல்லோரும் தீகாவுக்குப் புறப்பாடு. கடல் பார்க்கிறார்களாம். இரண்டு குடும்பம், ஒரு வண்டி, செ.க்கு முக்காலி. என் சின்னக் கார் கீழே துணி மூடிப் படுத்திருக்கிறது, நோயாளி மாதிரி.

முன்சீட்டில் உட்காரச் சொன்னான். பெருந்தன்மையாம். வேண்டாம் என்றேன். நடுவரிசை, ஜன்னலோரம். மடியில் கூடை, நினைத்தபடியே. இந்தத் தடவை குறைகளைச் சுடச்சுட எழுதிவிடுவது என்று நோட்டையும் கையோடு எடுத்து வந்தேன்:

1. ரேஸ்கோர்ஸ் தாண்டுவதற்குள் கோமதி எலுமிச்சை சாதத்தைப் பிரித்துவிட்டாள். செருப்புக்கடை வாசனையோடு பெருங்காயம்.

2. ஹூக்ளி பாலத்தில் ஏறும்போது ஏறுவதே தெரியவில்லை. ஓட்டுகிறவன் தூங்கிவிடுவான், ஆபத்து.

3. பின்சீட்டு ஏசி நேராக நெற்றியில் அடிக்கிறது. இதைப் பற்றி

பாதி வழியில், கோலாகாட் தாபா வாசலில் செ. தோளைத் தட்டி எழுப்பினாள். கூடையை எப்போது எடுத்தார்கள் என்று தெரியவில்லை.