கடிவாளமில்லாத வண்டி

ஜனவரி 17, 1900
புனித வனத்து அந்தோணியார் திருநாள். கோயில் வாசலில் வண்டிக்காரர்கள் எல்லாரும் குதிரைக்குத் தீர்த்தம் தெளிக்க வரிசையில் நின்றார்கள். என் வீட்டுக்காரர் ஒரெஸ்தே மட்டும் வெறுங்கையோடு. எங்கள் எஜமான் டாக்டர் ரெவெல்லி குதிரையை விற்றுவிட்டுத் தூரின் நகரத்திலிருந்து மோட்டார் வண்டி வாங்கி வந்திருக்கிறார். "என்னப்பா, உன் குதிரை லாயத்துல புகை விட்டுக்கிட்டு நிக்குதா?" என்று ஒருவன் கேட்டான். இவர் சிரித்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

ஜனவரி 29
மோட்டாரைப் பார்த்தேன். ஓட்டுகிறவர் பின்னால். டாக்டர் முன்னால், போகும் பாதைக்கு முதுகைக் காட்டி, இவர் முகத்தைப் பார்த்தபடி உட்கார வேண்டுமாம். எந்த மகராசனுக்குத் தோன்றிய யோசனையோ! திருப்புவதற்குக் கைப்பிடி, நிறுத்துவதற்குக் காலால் மிதி. காலமெல்லாம் கடிவாளத்தை இழுத்தே வண்டியை நிறுத்தியவர் இவர். இதை இழுத்தால் நிற்காது, ஒரு பக்கமாகத் திரும்பிவிடும்.

பிப்ரவரி 11
சமையலறையில் ஒத்திகை. நாற்காலியில் இவர், கைப்பிடிக்குப் பதில் கையில் துடைப்பக் கட்டை, மிதிக்குப் பதில் காலடியில் விறகுத் துண்டு. நான் பொலென்தாக் களி கிண்டிக்கொண்டே திடீரென்று, "மாட்டுவண்டி வருது!" என்று கத்துவேன். ஒவ்வொரு தடவையும் கட்டையை மார்போடு இழுத்தார். குதிரையை நிறுத்துகிற "ஹோ" வேறு. முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 12
முடியாதென்று சொல்லிவிடச் சொன்னேன். "சொன்னா வேற ஆள் வருவான். லாயத்து மேல இருக்குற இந்த ரூமும் போயிடும்டி. இந்த வயசுல என்னை யாரு கூப்பிடுவா?" என்றார்.
நானே டாக்டரிடம் போனேன். ஒரெஸ்தேயின் கையை நம்பாமல் யாரை நம்புவது என்று சிரித்து அனுப்பிவிட்டார். நல்ல மனிதர்.

மார்ச் 3
பழகிவிட்டதாம். சொல்கிறார்.

ஏப்ரல் 9
கியேரி ஊர் இறக்கத்தில் மாட்டுவண்டி ஒன்று குறுக்கே வந்திருக்கிறது. இவர் கைப்பிடியை இழுத்துவிட்டார். மோட்டார் திரும்பி, திராட்சைத் தோட்டத்துக் கல்சுவரில் நேராக... முன்னால் இருந்தது டாக்டர்.
போயிட்டாரே. இவருக்கு ஒரு கீறல்கூட இல்ல. ஏன் இல்ல? — சீ, இப்படியா எழுதுவேன் நான்?

மே 22
விசாரணை முடிந்தது. எதற்காக இழுத்தாய் என்று நீதிபதி கேட்டார். "நிறுத்தத்தான் ஐயா." விபத்து என்று விட்டுவிட்டார்கள்.

நவம்பர் 11
புனித மார்ட்டின் நாள், வருஷக் குத்தகை முடிகிற நாள். தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு பாதி ஊர் வீடு மாறுகிறது. இந்த வருஷம் நாங்களும். செங்கல் சூளைக்குப் பக்கத்தில் ஓர் அறை; அங்கேதான் இவருக்கு மண் சுமக்கும் வேலை.
கடைசியாகத் துடைப்பத்தை எடுக்க மேலே போனேன். இவர் அதைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலடியில் விறகுத் துண்டு. "கத்துடி" என்றார். மாட்டேன் என்றேன். மறுபடியும் கேட்டார்.
"மாட்டுவண்டி வருது."
கை அசையவில்லை. கால் மட்டும் மிதித்தது.
"இப்ப சரியா வருது பாரு, எர்சிலியா" என்றார்.
துடைப்பத்தை வாங்கிக்கொண்டு கீழே வந்தேன்.