காய்ந்த கோப்பை

1967, ஐப்பசி, செவ்வாய் இரவு.

சூளையைத் திறந்தால் பாதி மண் கோப்பைகள் வெடித்துக் கிடந்தன. "காஞ்சப்புறந்தான அடுக்குனீங்க?" என்றேன். "நல்லா காஞ்சிருந்துச்சுங்க மேஸ்திரி" என்றார்கள் அடுக்கிய வேலையாட்கள் மூவரும்.

எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். முனியம்மாவுக்கு நிறம் வெளுத்தால் காய்ந்தது. காசிமுக்குக் கையில் ஒட்டாவிட்டால் போதும். அந்தோணி வெயிலில் வைத்த நாளை எண்ணுகிறார்.

"நீங்க எத வச்சு சொல்வீங்க?" என்றார் முனியம்மா. இத்தனை நாளும் நான் "காயட்டும், காயட்டும்" என்று கத்தியதோடு சரி. காய்ந்ததை எப்படிப் பார்ப்பது என்று சொன்னதே இல்லை.

அடுத்த சூளைக்கு வைத்திருந்த கோப்பை ஒன்றைக் கன்னத்தில் வைத்துக் காட்டினேன். உள்ளே ஈரமிருந்தால் குளிரும். ஆளுக்கொரு முறை வைத்துப் பார்த்தார்கள்.

"சில்லுன்னு இருக்குது" என்றார்கள் மூவரும்.

அதனால் இன்று சூளை மூட்டவில்லை. காலையில் முதலாளி ஏன் என்று கேட்பார். அவர் கன்னத்திலும் ஒன்றை வைக்க வேண்டியதுதான்.