ஹட்டன் என்று நான் எழுதிய பெயர்

மச்சான், இன்று உன் மகள் உன் கொலோன் வீட்டு வாசல் மணியில் இருந்த பெயர்த் தகட்டைக் கழற்றி என்னிடம் கொண்டுவந்தாள். 'ஹட்டன்'. கையில் வாங்கவே எனக்கு மனம் வரவில்லை.

அவளுக்கு அடுத்த மாதம் பிள்ளை பிறக்கப் போகிறது. என்ன குடும்பப் பெயர் கொடுப்பதென்று தேடிப் பார்த்திருக்கிறாள். "மாமா, ஹட்டன் எண்டு இங்கிலாந்தில கனக்க ஊர் இருக்காம். பத்தை புதர் வளர்ந்த வெளியில ஒரு பண்ணை எண்டு அர்த்தமாம்." ஊர்க்காரருக்கு அதுவே குடும்பப் பெயராகி, அவர்கள் கப்பலேறிப் போன இடமெல்லாம் பரவி, வெள்ளைத் துரைமார் காலத்தில் உங்கள் தேயிலை மலையிலும் ஒரு ஊருக்கு ஒட்டிக்கொண்டதாம். "அப்பாவுக்கு ஆர் இதைக் குடும்பப் பெயராப் போட்டது?"



ஜெர்மனிக்கு வந்த புதிதில் அகதி விடுதியில் ஜெர்மன் கொஞ்சம் தெரிந்தவன் நான்தான். எல்லோருடைய விண்ணப்பத்தையும் நானே நிரப்பினேன். நம்மில் யாருக்குக் குடும்பப் பெயர் இருந்தது? யாழ்ப்பாணத்துப் பெடியள் ஒவ்வொருவரிடமும் தகப்பன் பெயரைக் கேட்டு அந்தக் கட்டத்தில் எழுதினேன். உன்னிடம் மட்டும் கேட்கவில்லை. மலையகத்திலிருந்து வந்த உன்னை நாங்கள் உன் ஊர்ப் பெயரால் ஹட்டன் என்றுதானே கூப்பிட்டோம். அதையே எழுதி நீட்டினேன். நீ நம்பிக் கையெழுத்துப் போட்டாய்.

அகதி அடையாளப் பத்திரம் வந்த அன்று நீ கோபத்தில் குதித்தாய். "எவன்டா அந்த கிளார்க்கு? எங்கப்பா ராமையா பேர விட்டுட்டு ஊரு பேரப் போட்டிருக்கான்! நான் என்ன ஊருக்கா பொறந்தேன்?" நானும் சேர்ந்து அந்த எழுத்தரைத் திட்டினேன், வெட்கம் கெட்டவன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் நீ அவனைத் திட்டுவாய், நான் சிரிப்பேன்.

இன்று சொல்லிவிட்டேன். "நான்தான் எழுதினனான், பிள்ளை. தகப்பன்ர பேரைக் கேக்காமல் எழுதிப் போட்டன்."

அவள் கோபிக்கவில்லை. "அப்பாவுக்குத் தெரியும் மாமா. பிரஜாவுரிமை எடுக்கேக்க பழைய ஃபைலைப் பாத்தவர். உங்கட எழுத்தெண்டு கண்டிட்டார். 'அவனா ஒருநாளைக்குச் சொல்லுவான், நீ கேக்காத' எண்டவர். இப்ப அவரும் இல்லை, அதுதான் கேட்டனான்."

அப்படியென்றால் அத்தனை பொங்கலுக்கும் எழுத்தரைத் திட்டி முடித்துவிட்டு என் முகத்தையே நீ பார்த்துக்கொண்டிருந்தது, நான் வாய் திறப்பேன் என்றுதானா? நான் சிரித்தேனடா. இந்த முகத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பேன்?