கதவுப் பிடியில் மாட்டிய மிட்டாய்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், என் வலது உள்ளங்கையைத் தவிர. நீயும் அங்கே சுகமாகத்தான் இருப்பாய், இல்லாவிட்டால் அங்கேயே இருந்துவிடுவதென்று முடிவு செய்திருக்க மாட்டாய். வீட்டிலிருந்து போனில் பேசலாம் என்றால் உன் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள், கடை போனில் வெளிநாட்டுக்குக் கூப்பிட வசதி இல்லை, அதனால்தான் நம் சைக்கிள் கடையில், பஞ்சர் ஒட்டும் பலகை மேல் தாளை வைத்து எழுதுகிறேன். அங்கங்கே கறை இருந்தால் கிரீஸ் என்று எடுத்துக்கொள்.

நீ பாட்டுக்குக் கடை போனில் கூப்பிட்டு, அப்பா நான் இங்கேயே நிரந்தரமா இருந்துடறேன், அம்மாகிட்ட நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். உனக்கென்ன, பாரம் இறங்கிவிட்டது. எனக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. காலையில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் அவள் டீயை நீட்டிக்கொண்டே, இந்த லீவுக்கு வரலைன்னா போகுது, படிப்பும் வேலையும் முடிஞ்சா ஒரேயடியா இங்க வந்துடப் போறா, நீங்க ஏன் முகத்தைத் தூக்கி வெச்சிருக்கீங்க என்கிறாள். அதைக் கேட்டுவிட்டு எந்த அப்பனுக்கு வாய் வரும், நீயே சொல். பக்குவமாம் பக்குவம். சிறு வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டும் இப்படித்தான் என்னை முன்னால் தள்ளிவிட்டு நீ பின்னால் ஒளிந்துகொள்வாய்.

கடைசியில் ஒரு திட்டம் போட்டேன். விடுமுறைக்கு எல்லோரும் சேர்ந்து மிட்டாய் செய்யும் நாளில் சொல்லிவிடுவது. சர்க்கரைப் பாகை எடுத்துத் தட்டில் கொட்டிவிட்டால் அப்புறம் யாரும் நகர முடியாது, சூடு போவதற்குள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து வெளுக்கும் வரை இழுத்தாக வேண்டும், உன் அம்மா அழுதுகொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தவும் வழியில்லை. என் மூளையைப் பார்த்தாயா. ஆனால் மிட்டாய் இழுக்க எதிர்ப்பக்கம் ஆள் வேண்டுமே, அதை மறந்துவிட்டேன். எத்தனையோ வருஷமாக ஒரு முனையில் நான், மறு முனையில் நீ, அடுப்புக்கு அம்மா, கத்தரிக்கோலுக்கு அண்ணன், தாளில் சுற்ற அத்தை என்று நடந்த வேலை. நம் இரண்டு பேர் கைதான் அந்தச் சூட்டைத் தாங்கும் என்று அம்மாவே சொல்வாள், அவள் ஒரு தடவைகூட இழுத்ததில்லை.

உன் இடத்தில் உன் அண்ணனை நிறுத்தினேன். துரை ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இழுக்கிறார். இரண்டு இழுப்புதான், ஐயோ சுடுதுப்பா என்று விட்டுவிட்டான். மிட்டாய் இறுக ஆரம்பித்துவிட்டது, இன்னும் வெளுக்கவே இல்லை, எனக்கு வந்ததே கோபம். நான் என்ன செய்தேன் தெரியுமா, சமையலறையின் கொல்லைப்பக்கக் கதவின் பிடியில் வெண்ணெயைத் தடவி மிட்டாயின் ஒரு முனையை அதில் மாட்டி, தனியாகவே இழுக்க ஆரம்பித்தேன். டயரோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு இது என்ன பெரிய காரியம் என்ற திமிர்தான். நன்றாகவே வந்தது. பட்டுப் போல வெளுத்து மினுங்க ஆரம்பித்த நேரத்தில், சுற்றுகிற தாள் வாங்கப் போன உன் அத்தை திரும்பி வந்து வெளியிலிருந்து கதவை ஒரு இழு இழுத்தாள். நான் அப்படியே முன்னால் போய் கதவு நிலையில் இடித்துக்கொண்டேன், உள்ளங்கையில் நல்ல அடி, மிட்டாயில் பாதி தரையில், பாதி உன் அத்தையின் புதுத் துணியில். அவள் அதைப் பிய்த்துக்கொண்டே, என்னண்ணா, நான் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு கயிறு கட்டி வெச்சிட்டியா என்கிறாள். உன் அண்ணன் அதைப் படம் எடுக்கிறான். அவனையும் திட்டினேன், அத்தையையும் திட்டினேன், கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைத்த தச்சனையும் திட்டினேன். இருக்க வேண்டியவ இருந்திருந்தா இந்த லட்சணம் நடக்குமா என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் உன் அம்மா இருக்கும் பக்கம் திரும்பினேன்.

அவள் தரையைத் துடைத்தாள், மறுபடி சர்க்கரையை அடுப்பில் ஏற்றினாள், தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்தாள், தட்டில் கொட்டினாள். பிறகு தன் கையில் வெண்ணெயைத் தடவிக்கொண்டு எனக்கு எதிரில் வந்து நின்றாள். உனக்கு வராது, கை வெந்துடும் என்றேன். வரவெச்சுக்கிறேன், இனிமே வருஷா வருஷம் நாம ரெண்டு பேர்தானே இழுக்கணும் என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, மிட்டாயைத்தான் பார்த்தாள். எனக்குக் கை நின்றுவிட்டது. நிக்காதீங்க, இறுகிடும் என்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டு கடைசி வரை இழுத்தாள்.

அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. போன மாதம் உன் சைக்கிளை அவளே கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். யாருக்காவது குடுத்துடச் சொல்லிட்டா நம்ம பொண்ணு, எண்ணெய் விட்டுக் குடுங்க என்றாள். நானும் மண்டு மாதிரி புது மணி ஒன்றை மாட்டிக் கொடுத்து அனுப்பினேன். நீ அந்தச் சைக்கிளை அண்ணனையே தொட விடமாட்டாய், அதைத் தூக்கிக் கொடுக்கச் சொல்கிறாய் என்றால் பெற்றவளுக்குத் தெரியாதா. அப்போதிருந்தே தெரிந்துகொண்டு, எனக்குத் தெரியக்கூடாது என்று, ஒரேயடியா வந்துடப் போறா என்று தினமும் எனக்கே ஆறுதல் சொல்லியிருக்கிறாள். நான் அவளிடம் மறைக்க, அவள் என்னிடம் மறைக்க, நீ அங்கே நிம்மதியாகத் தூங்க, நன்றாக இருக்கிறது நம் குடும்பம்.

அதனால் இந்த வேலையை நான் செய்ய மாட்டேன். நீயே போன் செய்து உன் வாயால் சொல். தெரியும் என்று அவள் காட்டிக்கொள்ள மாட்டாள், இப்போதுதான் கேட்பது போலக் கேட்பாள், நீயும் அப்படியே சொல். இத்தனை நாளாக அவள் அழவில்லை, சூடு பட்டுக் கையில் கொப்புளம் கிளம்பியபோதுகூட அழவில்லை. நீ சொன்னால்தான் அவளால் அழ முடியும்.

குளிரில் ஈரத் தலையோடு வெளியே போகாதே. சாப்பாட்டு நேரத்துக்குச் சாப்பிடு. உன் முடிவு தப்பு என்று நான் சொல்லவில்லை, எங்கே இருந்தாலும் நீ நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அது போதும். மிட்டாய் தனியாக அனுப்பியிருக்கிறேன். நான் இழுத்தது எது என்று நேராக இருப்பதைத் தேடாதே, எல்லாமே கோணல்தான், எல்லாமே அம்மாவும் சேர்ந்து இழுத்தவை. ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு போன் செய், கடைக்கு வேண்டாம், வீட்டுக்கு.

இன்னும் கோபம் தீராத,
உன் அப்பா