சன்னல் வெட்டாத கூட்ஸ் பெட்டி

உ

கொட்டாரம்பட்டி,
திண்டுக்கல் தாலுகா.
சோபகிருது வருஷம், ஆனி 12.

ஆயக்குடியில் குடியிருக்கும் என் உடன்பிறந்தாள் சண்முகவள்ளிக்கு, உன் அக்காள் பொன்னழகு ஆசீர்வாதத்துடன் எழுதியது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளை குட்டிகளும் நலமாய் இருக்க வேண்டும். இங்கேயும் எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பென்சிலை எடுத்தேன். அது பொய்யாகப் போகும் என்பதால் விட்டுவிட்டேன்.

எழுத்து கோணலாய் இருக்கும், பொறுத்துக்கொள். எனக்குக் கடிதம் எழுதித் தருவது பேத்தி கண்ணம்மாள்தான். "சொல்லுங்கப்பத்தா, நான் எழுதுறேன்" என்று இன்றைக்கும் வந்து உட்கார்ந்தாள். போடி, மாட்டுக்குத் தண்ணி காட்டு என்று விரட்டிவிட்டேன். இதை இன்னொருத்தர் கையால் எழுத முடியாது. மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு நானே எழுதுகிறேன். நேற்று மத்தியானம் தொடங்கியது, இன்னும் முடியவில்லை.

பதினோரு வருஷமாய் உனக்கு ஒரு வரி போட்டதில்லை. ஏன் என்று உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. நந்தன வருஷம், இதே ஆனி மாதம். உங்கள் வெங்காயப் பட்டறையில் போட்டு வைத்திருந்த எங்கள் விதை வெங்காயத்தை ஏற்றிப் போக நானும் காலமான உன் மச்சானும் வண்டி கட்டி வந்தோம். உன் நாத்தனார் வளைகாப்புக்கு வந்த சனமெல்லாம் வாசலில் உட்கார்ந்திருந்தது. அத்தனை பேர் காது கேட்க உன் மாமியார், "வந்துட்டாங்க பாருங்க. சொந்தமா ஒரு பட்டறை கட்ட வக்கில்லாதவங்களுக்கு வருசம் தவறாம நம்ம வாசல்தானுங்க" என்றாள். நீ பச்சைக் கண்டாங்கி கட்டி, இடது கையில் மோர்ச் செம்போடு கதவோரம் நின்றாய். வாய் திறக்கவில்லை. நான் அந்த மோரை வாங்காமல் வண்டியேறினேன். உன் மாமியார் சாவுக்கும் நான் வரவில்லை. வரமாட்டேன் என்று அன்றைக்கே நினைத்திருந்தேன்.

இப்போது சமாச்சாரத்துக்கு வருகிறேன்.

போன தை மாதம் திண்டுக்கல்லில் ரயில்வேக்காரர்கள் ஓட்டத்துக்கு ஆகாத கூட்ஸ் பெட்டிகளை ஏலம் விட்டார்கள். என் மகன் சோலைமுத்து சந்தைக்குப் போன இடத்தில் கேள்விப்பட்டு வந்து சொன்னான், சும்மா வேடிக்கையாகத்தான். பிடித்துக்கொண்டது நான். "ஆத்தா, வெங்காயத்துக்கு இரும்பு ஆகுமா?" என்று கேட்டான். "எலி வராது, மழை ஒழுகாது, களவாணி வரமாட்டான், வேறென்னடா வேணும்?" என்று கேட்டு அவன் வாயை அடைத்தேன். எனக்குள் இருந்தது வேறு. இனி எவள் வாசலிலும் நான் போய் நிற்கக் கூடாது. என் வாசலில் நாலு பேர் வந்து நிற்க வேண்டும். அது ஆயக்குடிக்கு எட்ட வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பெட்டியை மட்டும் லாரியில் கொண்டுவந்து, பனந்தடி போட்டு உருட்டிக் களத்தில் இறக்கினார்கள். ஊரே கூடிவிட்டது. பங்காளி வீட்டு மொக்கைச்சாமி, "பெரியாத்தா, பழனிக்கு டிக்கெட்டு எம்புட்டு?" என்றான். "உனக்கு ஓசிடா அப்பு, ஏறிக்க" என்றேன். உன் மச்சான் போன பிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்போடு எட்டு வீட்டுக்குப் போனேன். உங்கள் விதை வெங்காயத்தை எங்கள் பெட்டியில் போடுங்கள், ஓலைப் பட்டறை எதற்கு என்று சொன்னேன். அவர்களாய்க் கேட்டு வரவில்லை, வள்ளி. நானாய்ப் போய்ச் சொன்னேன்.

சோலைமுத்து விவரம் இல்லாதவன் அல்ல. பெட்டியின் இரண்டு பக்கமும் சன்னல் வெட்டி வலை அடித்துவிட்டால் காற்று ஓடும் என்று அவனே யோசித்து, திண்டுக்கல்லில் இரும்பு வேலை செய்கிற ஸ்தனிஸ்லாஸிடம் சொல்லி வைத்திருந்தான். பங்குனி உத்திரம் கழிந்து வாருங்கள் என்று சொல்லியிருந்தான்.

அந்த உத்திரத்துக்குப் பழனி போன எங்கள் தெரு முத்துப்பேச்சி உன்னை அங்கே பார்த்திருக்கிறாள். நீ சொல்லிவிட்டதை ஒரு சொல் சிந்தாமல் என்னிடம் வந்து சொன்னாள். "ஒங்க தங்கச்சிக்கு மனசே கேக்கல மதினி. இரும்புக்குள்ள வெங்காயம் வெந்துபோகும், சன்னல் வெட்டுனாத்தான் ஆச்சு, அடியில படல் போட்டுத் தூக்கி வைக்கச் சொல்லுன்னு கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுச்சு" என்றாள். அவள் சொல்லி முடிக்கும்போதே எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் பெட்டிக்குச் சன்னல் வைக்க இவள் யார் என்று இருந்தது. இனிமேல் சன்னல் வெட்டினால், தங்கச்சி சொன்ன பிறகுதான் அக்காளுக்குப் புத்தி வந்தது என்று முத்துப்பேச்சி ஊரெல்லாம் சொல்லுவாள், ஆயக்குடி வரைக்கும் போகும் என்று கணக்குப் போட்டேன். இதை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று பேச்சியம்மன் மேல் அவளிடம் சத்தியம் வாங்கினேன்.

மூன்றாம் நாள் ஸ்தனிஸ்லாஸ் சாமான்களோடு வந்தார். சோலைமுத்து காட்டில் இருந்தான். வேண்டாம், போய்வாரும் என்றேன். "உங்க மகன்தானே தாயி வரச் சொன்னாரு?" என்று வெயிலில் நின்று கேட்டார். குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்பினேன். சாயந்தரம் மகன் வந்து கேட்டபோது, வெட்டினால் பெட்டி நெளிந்துபோகும் என்று அவரே சொல்லிவிட்டுப் போய்விட்டார் என்றேன். பெற்றவள் சொன்னால் பிள்ளை நம்பாமல் என்ன செய்வான்? சித்திரையில் வெங்காயத்தைப் போட்டுப் பூட்டினோம். பகலில் கதவையாவது திறந்து வைப்போம் என்றான். எவனாவது கை வைத்துவிடுவான் என்று சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

வைகாசி இருபத்தெட்டாம் தேதி நடுகைக்கு எடுக்கக் கதவைத் தள்ளினார்கள். தண்ணீராய் ஒழுகியது. அந்த நாற்றத்தை எப்படி எழுதுவேன். எட்டு வீட்டுப் பெண்களும் உள்ளே கையை விட்டு, ஒரு கூடையாவது தேறுமா என்று அலசினார்கள். ஒரு கைப்பிடி தேறவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுநாள் சாவடியில் கூட்டம் போட்டார்கள். ஏலம் எடுத்தது நான், தப்பு என்னோடது என்று சோலைமுத்து கைகட்டி நின்றான். "சன்னல் வெட்டப் போறேன்னு சொன்னியேப்பா, என்னாச்சு?" என்று ஒருத்தர் கேட்டார். கொல்லர் வேண்டாம் என்றார், நானும் கேட்டுக்கொண்டேன் என்றான். உடனே ஸ்தனிஸ்லாஸை இனி இந்த ஊர் வேலைக்குக் கூப்பிடக் கூடாது என்று நாலு பேர் சத்தம் போட்டார்கள். பெண்கள் பக்கத்தில் முத்துப்பேச்சி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். என்னையே பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். ஒரு மோர்ச் செம்போடு நீ வாய் திறக்காமல் நின்றதற்குப் பதினோரு வருஷம் உன்னைத் தள்ளி வைத்தேன். என் பிள்ளைக்காகக்கூட நான் வாய் திறக்கவில்லை, அம்மாடி. உனக்காவது பயப்பட ஒரு மாமியார் இருந்தாள். எனக்கு யார் இருந்தார்கள்?

இப்போது அவன் டீக்கடைப் பக்கம் போவதில்லை. போனால், "ஏலே சோலை, ஒன் ரயிலு எப்பக் கெளம்பும்?" என்று ஒருத்தன் கேட்க, "அது கெளம்பிருச்சுப்பா, நாத்தம் மதுரை தாண்டிருச்சு" என்று இன்னொருத்தன் சொல்கிறான். முன்பு அவனே சேர்ந்து சிரிப்பான். இப்போது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிடுகிறான். வால்பாறைக்கு எஸ்டேட் வேலைக்குப் போகிறேன் என்று பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறான். அவள் அழுதுகொண்டே என்னிடம் வந்து சொன்னாள்.

நான் கேட்பது இதுதான். உன் பட்டறையில் விதை வெங்காயம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்களுக்கு வேண்டாம், எங்கள் காட்டில் சோளம் விதைத்துக்கொள்கிறோம். அந்த எட்டு வீட்டுக்கு மட்டும் கொடு. ஆடி பிறந்து பத்து நாளைக்குள் ஊன்றாவிட்டால் அவர்களுக்கு இந்த வருஷம் வெள்ளாமை இல்லை. உன் மாமியார் சொன்னதை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. அது அது. இது இது.

வருகிற வெள்ளிக்கிழமை சோலைமுத்து மூன்று வண்டியோடு அங்கே வருவான். சின்னாத்தாளிடம் கேட்டிருக்கிறேன், போய் வா என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். நீ முத்துப்பேச்சியிடம் சொல்லிவிட்டதும், நான் ஸ்தனிஸ்லாஸைத் திருப்பி அனுப்பியதும் அவனுக்கு இன்றுவரை தெரியாது. மூன்று தடவை சொல்ல வாயெடுத்தேன். அவன் "என்ன ஆத்தா?" என்று முகத்தைப் பார்த்ததும் வெற்றிலை கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். ஆகையால் இந்தக் கடிதத்தை அவன் கையில் கொடுத்துவிடு. உன் முன்னால் உட்கார்ந்து படிக்கட்டும். வண்டிகள் திரும்பி வருகிற அன்று சாவடியில் நானே எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு ஸ்தனிஸ்லாஸ் வீட்டுக்கும் போக வேண்டும். ஊருக்குத் தெரிகிறதற்கு முன்னால் என் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

மூத்தவள் இளையவள் காலில் விழக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். ஆகவே ஆசீர்வாதம்தான் எழுத முடிகிறது. உன் வீட்டில் போட்ட விதையெல்லாம் முளைக்கட்டும். உன் பேரன் பேத்திகள் உன் பேச்சைக் கேட்கட்டும்.

விதை கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். ஒன்று மட்டும் செய். அவன் ஒழுங்காய்ச் சாப்பிட்டு அரை மாதம் ஆகிறது. வெள்ளிக்கிழமை வந்ததும் கடிதத்தை எடுத்துக் கொடுத்துவிடாதே. முதலில் இலை போட்டு உட்கார வைத்துச் சோறு போடு. படித்துவிட்டால் சாப்பிடமாட்டான்.

இப்படிக்கு,
உன் அக்காள்
பொன்னழகு