முன்பக்கம் மட்டும் பிசகும் புரோப்

ஜூன் 5, வியாழன்

காலையிலிருந்து கணவாய்க் காற்று. பட்டறை ஷெட் தகரத்தில் ஓயாத படபடப்பு. மழை இல்லை.

மெஷினுக்குத் தொட்டு அளவு சொல்லும் புரோப் முடிந்தது. கடையில் வாங்குவது நமக்குக் கட்டாது. பழைய பஸ்ஸரில் பிரித்த பீசோ வில்லை மூன்று, பால் கேன் மூடி ரப்பர், சைக்கிள் சக்கரக் கம்பி, நுனியில் மிளகளவு பேரிங் குண்டு. குண்டு அலுமினியத்தைத் தொட்டதும் வில்லையில் துளி மின்சாரம் பிறக்கும். மில்லிங் மெஷின் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு நிற்கும். பத்துத் தடவை தொட வைத்தேன். பத்தும் ஒரே அளவு. சாப்பிட மறந்துபோனேன்.

செ. (மைத்துனன் செந்தில், ஷெட்டில் பாதிப் பங்கு) பார்த்துவிட்டு "பரவால்லீங்க மாமா" என்றான். அவ்வளவுதான். ஏன் அவ்வளவுதான்?

ஜூன் 7, சனி

பால் கறக்கும் மெஷினுக்கான பம்ப் மூடி, சாம்பிள் இரண்டு. இரண்டிலும் துளை தள்ளி விழுந்திருக்கிறது. கையால் அளந்து அனுப்பிய முதல் சாம்பிளை பொள்ளாச்சி பார்ட்டி ஏற்கெனவே திருப்பிவிட்டார். இன்னொன்று திரும்பினால் ஆர்டர் போச்சு. ஆர்டர் போனால் ஷெட்டும்.

மெஷினில் நின்றது செ.

ஜூன் 8, ஞாயிறு

லீவு. தனியாகச் சோதனை. இடம், வலம், பின்பக்கம் சரி. முன்பக்கம் மட்டும் பிசகு. ஒயர் சரி. சால்டர் சரி. காற்று அதிர்வு என்றால் நாலு பக்கமும் அல்லவா பிசக வேண்டும்? முன்பக்கம்தான் ஆள் நிற்பது. கை எட்டுவது.

சாவி இரண்டு. ஒன்று என்னிடம்.

தீவனம் வாங்கணும். மோட்டார் ஃப்யூஸ்.

சாயங்காலம் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் செ. போனில்: "மாமாவுக்குத் தெரியாதுங்க. புதங்கெழம சொல்றனுங்க." என்னைப் பார்த்ததும் குரல் தாழ்ந்தது. யாரிடம்?

ஜூன் 9, திங்கள்

பார்ட்டி போன். புதன் கடைசி.

கேட்டுவிட்டேன். புரோப்பில் கை வைத்தாயா என்று. வேறு பட்டறைக்கு விலை போனாயா என்றும். இரண்டாவது கேட்டிருக்க வேண்டாம். அவனிடமிருந்த ஷெட் சாவியை மெஷின் மேல் வைத்துவிட்டுப் போனான். தப்பு செய்யாதவன் எதற்குச் சாவியைக் கொடுக்கிறான்?

வள்ளி தம்பிக்காகச் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். சோறு மட்டும் வைத்தாள்.

ஜூன் 10, செவ்வாய்

தூறல். புரோப்பைக் கழற்றி, குண்டை செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கம் மஞ்சளாக ஒரு பொருக்கு. சுரண்டி முகர்ந்தால் சந்தனம்.

வள்ளியிடம் காட்டினேன். "ஏனுங்க, வெள்ளிக்கெழம பூசைல மெசின்ல இருந்து ஸ்பேனர் வரைக்கும் நீங்கதான பொட்டு வெச்சீங்க?"

ஆமாம். புதுசு என்று இதற்குத்தான் முதலில் வைத்தேன். வாரா வாரம் செய்வது, இங்கே எழுதக்கூடத் தோன்றவில்லை. துடைத்துவிட்டுத் தொட வைத்தேன். நாலு பக்கமும் சரி. வெட்கமாக இருக்கிறது.

செ. வீட்டுக்கே போய்ச் சொன்னேன். சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. போனில் பேசியது கோயமுத்தூரில் வேலை கேட்டு என்றான், நான் கேட்காமலே. "உங்ககூட நின்னா எந்நேரமும் திருடனாட்ட நிக்கோணுமுங்க மாமா." நாளைக்கு மட்டும் வருகிறானாம்.

ஜூன் 11, புதன்

வெயில். மூடி இரண்டும் அளவு சுத்தம். மத்தியானம் பார்ட்டி வந்து பார்த்து, மீதியையும் போடச் சொல்லிவிட்டார்.

காலையில் நடந்ததை எழுத வேண்டும். செ. எட்டு மணிக்கு வந்தான். காபி வேண்டாம் என்றான். மெஷினை ஓட்டுமுன் குண்டின் மேல் டார்ச் அடித்து, சுத்தமாக இருக்கிறதா என்று கேட்டான். தலையாட்டினேன்.

"வாய்ல சொல்லுங்க மாமா."

சுத்தமாக இருக்கிறது என்றேன். அப்புறம்தான் கவனித்தேன், அவனுடைய இன்னொரு கையில் செல்போன். என் முகத்தைப் பார்த்து வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.