பிரித்துப் போடப்பட்ட மூன்று குருவிகள்

அனுப்புநர்:
பதிவறை எழுத்தர் (ஓய்வு),
மூன்றாம் மாடி,
நூலகத்தின் பின்தெரு.

பெறுநர்:
நூலக அலுவலர் அவர்கள்,
பொது நூலகம்.

பொருள்: நூலகக் கூடத்தில் மாதந்தோறும் கூடும் பூத்தையல் குழுவின் அனுமதியை ரத்து செய்யவும், குழுத் தலைவியை விசாரிக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் நூலகத்தின் மாடிக் கூடத்தில் இரண்டாம் சனிக்கிழமைதோறும் பூத்தையல் குழு கூடுகிறது. உறுப்பினர்கள் தாம் கையால் தைத்தவற்றைக் கொண்டுவந்து ஒருவருக்கொருவர் காட்டுவது வழக்கம். என் மனைவி நோயில் விழும்வரை ஒன்பது ஆண்டுகள் ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை. கடந்த பிப்ரவரியில் அவர் காலமானார்.

2. அவர் கடைசியாகத் தைத்தது ஒரு மேசை விரிப்பு. அதன் ஓரத்தில் பதினான்கு குருவிகள். பதினோரு குருவிகள் முடிந்திருந்தபோது பக்கவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது. மீதி மூன்றையும் இடக்கையால் தைத்தார். ஐந்து மாதம் ஆயிற்று. ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவன் நான். ஒரு குருவிக்குக் கண் நெற்றிக்கு ஏறிவிட்டது. இன்னொன்றுக்கு இரண்டு வால். கடைசிக் குருவியைப் பார்த்து அவரே சிரித்து, "இது குடிச்சிட்டு வந்த குருவி" என்றார். கோணிய வாயால் சொன்னதால் எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

3. மார்ச் மாதம் குழுத் தலைவி என்னிடம் தொலைபேசியில் பேசினார். இவர் ஓய்வு பெற்ற தையல் டீச்சர். "அக்காவோட கடைசி வேலைய எல்லாரும் பாக்கணும்ணே, அடுத்த கூட்டத்துல வைக்கிறேன், குடுங்க" என்றார். நம்பிக் கொடுத்தேன். ஏப்ரல் கூட்டத்துக்கு மகளுடன் போனேன். பதினான்கு குருவிகளும் அணிவகுப்பில் நிற்பவைபோல் நின்றன. என் மனைவியின் மூன்றையும் பிரித்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தைத்திருந்தார்கள். பக்கத்தில் ஓர் அட்டை: "நிறைவு செய்தவர்: தலைவி." எல்லாரும் கைதட்டினார்கள். மகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இல்லாவிட்டால் மேசையைக் கவிழ்த்திருப்பேன்.

4. விளக்கம் கேட்டேன். "கோணல்மாணலா இருந்துச்சுண்ணே. அக்கா பேரு கெட்டுடக் கூடாதுன்னு ஒரு வாரம் உக்காந்து சரி பண்ணேன்" என்றார். பிரித்த நூல் எங்கே என்று கேட்டதற்கு, "அதையெல்லாம் யாருண்ணே வச்சிருப்பா?" என்றார். அன்றே அவர் தெருக் குப்பைத்தொட்டியைக் கிளறிப் பார்த்தேன். வண்டி வந்து அள்ளிப்போய் நாலு நாளாகிவிட்டது என்று துப்புரவுப் பணியாளர் சொன்னார்.

5. கூடத்தின் கதவில் ஒட்டியுள்ள நிபந்தனைகளைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். பன்னிரண்டு பேருக்கு மட்டுமே அனுமதி; பதினாறு பேர் அமர்கிறார்கள். மின்சாதனம் கூடாது; தலைவி இஸ்திரிப் பெட்டி கொண்டுவருகிறார். ஐந்து மணிக்குக் காலி செய்ய வேண்டும், ஒருநாளும் செய்ததில்லை. இவை யாவும் எனக்கு ஒன்பது ஆண்டுகளாகத் தெரியும். அங்கே என் மனைவி சிரித்துக்கொண்டிருந்ததால் அப்போது வாய் திறக்கவில்லை. இது பழிவாங்கல் என்று தாங்கள் கருதினால் மறுக்கமாட்டேன். நிபந்தனை மீறல் மீறல்தான்.

6. தலைவி இருமுறை என் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்க வந்தார். கதவைத் திறக்கவில்லை. "தெரியாமப் பண்ணிட்டாங்கப்பா, விட்டுடுங்க" என்கிறாள் மகள். முப்பது வருடம் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவருக்கு, நடுங்கும் கை போட்ட தையல் எது என்று தெரியாதா? ஆகவே சமரசம் பேச என்னை அழைக்க வேண்டாம்.

7. குழுவின் அனுமதியை உடனே ரத்து செய்து, தலைவியிடம் எழுத்துமூலம் விளக்கம் பெற வேண்டுகிறேன். அதுவரை, உறுப்பினரின் குடும்பத்தார் அமரலாம் என்ற குழு விதிப்படி, ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து தலைவிக்கு நேரெதிரே உட்காருவேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன். அவர் தைக்கும் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். இம்மாதக் கூட்டத்தில் அப்படித்தான் செய்தேன். இரண்டு முறை விரலில் ஊசியைக் குத்திக்கொண்டார். அவருடைய நலன் கருதியாவது தாங்கள் விரைந்து முடிவெடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: தங்கள் நூலகத்தின் வாசிப்பறை
நாள்: மே 20

இப்படிக்கு,
(ஒப்பம்)
பதினான்கு குருவிகளையும் தைத்தவரின் கணவன்